செம்மண் கரையில் இரண்டு நூலகங்கள்

ஓர் ஊரின் வரலாற்றை அவ்வூரில் வாழ்ந்தவர்கள் எழுதுவது உலக இயற்கை. அவ்வூரில் வாழ இயலாமற் போனவர்கள் எழுதிய வரலாறும் உண்டு. தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தில், காய்பிங் வட்டாரத்தில், தாஞ்சியாங் ஆற்றின் கரையில் அமைந்த சிக்கான் என்னும் சிறுநகர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அந்நகரின் மைந்தர் பலர் கடல்கடந்த நாடுகளில் துணி வெளுத்தும், சமையற்கூடங்களில் உழைத்தும், இருப்புப்பாதைக்கு மலையைக் குடைந்தும் வாழ்ந்தனர். அவர்கள் ஈட்டியதில் ஒரு பகுதி ஊருக்குத் திரும்பி வந்தபோது வீடாயிற்று, காவற்கோபுரமாயிற்று, கடைத்தெருவாயிற்று. இவற்றோடு இரண்டு நூலகங்களும் ஆயிற்று. ஒரே சிறுநகரில், ஒரே ஆற்றங்கரையில், சில ஆண்டுகள் இடைவெளியில் எழுந்த அவ்விரு நூலகங்களின் கதையே சிக்கானின் கதை.

ஆறும் நிலமும்

குவாங்சோ மாநகரிலிருந்து தென்மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ளது காய்பிங். கடக ரேகைக்குத் தெற்கே அமைந்தமையால் வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலம். கோடையில் பருவமழை பெய்யும். கடலிலிருந்து சூறைக்காற்று எழுந்து வரும். தாழ்ந்த குன்றுகளுக்கிடையே வயல்கள் விரிந்து கிடக்க, அவற்றினூடே கிழக்கு நோக்கிச் செல்கிறது தாஞ்சியாங். நெல்லும் மூங்கிலும் வாழையும் செழிக்கும் மருத நிலந்தான். எனினும் வெள்ளம் வந்தால் வயலும் வீடும் ஒருங்கே மூழ்கும்.

தாஞ்சியாங் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் பெயர் யாமென். சீன வரலாற்றில் மறக்கவியலாத இடம் அது. கி.பி. 1279இல் மங்கோலியப் படையிடம் தென் சொங் அரசு தன் இறுதிக் கடற்போரில் தோற்றது அங்கேதான். அமைச்சர் லூ சியூஃபு, சிறுவனாயிருந்த பேரரசனைச் சுமந்தவாறே கடலில் பாய்ந்தார் என்று வரலாறு கூறும். வடக்கே படையெடுப்புகள் நேர்ந்த காலங்களில் தெற்கு நோக்கி நகர்ந்த குடிகள் பல இந்த ஆற்றுவெளியில் வேரூன்றின. ஆகவே இந்நிலத்து மக்களின் நினைவில் புலம்பெயர்தல் என்பது 19ஆம் நூற்றாண்டில் புதிதாய் வந்த ஒன்றன்று. தம் முன்னோர் வடக்கேயிருந்து வந்தோர் என்னும் செய்தியைக் குல வரலாற்று ஏடுகளில் எழுதி வைத்துக் காத்த மக்கள் அவர்கள்.

காய்பிங் தனி மாவட்டமாக அமைந்தது 1649ஆம் ஆண்டு. ஏறத்தாழ அதே காலத்தில், சிங் மரபின் ஷுன்சு பேரரசர் ஆட்சியில் (1644–1661), சிக்கானில் சந்தை கூடத் தொடங்கியது. சிக்கான் என்ற பெயர் செம்மண் மேட்டைக் குறிப்பது. படகுகள் வந்தடையத்தக்க ஆழமும், சரக்கு இறக்கத்தக்க மேட்டுக் கரையும் இருந்தமையால் ஆறு அங்கே ஓர் ஊரை உண்டாக்கிற்று. சுற்றிலுமிருந்த சிற்றூர்களின் நெல்லும் காய்கறியும் கோழியும் அங்கு வந்தன. உப்பும் துணியும் இரும்பும் அங்கிருந்து சென்றன.

இரு குலங்கள்

சிக்கானில் இரண்டு குலத்தவர் பெரும்பான்மையினர். ஒரு குலத்தார் குவான், மற்றவர் சேட்டோ. ஆற்றின் மேற்புறச் சந்தை குவான் குலத்துக்குரியது. கீழ்ப்புறச் சந்தை சேட்டோ குலத்துக்குரியது. குவான் குலத்தின் மூதாதையர் மன்றத்துக்குக் குவாங்யூ என்று பெயர். சேட்டோ குலத்தின் மன்றத்துக்கு ஜியாவ்லுன் என்று பெயர். முன்னது ஒளியும் வளமும் பெருகுக என்னும் வாழ்த்து. பின்னது மனித உறவின் அறத்தைக் கற்பிப்போம் என்னும் உறுதி.

இரு குலங்களும் அடுத்தடுத்து வாழ்ந்தன, இடையறாது போட்டியிட்டன. ஒருவர் துறையைச் செப்பனிட்டால் மற்றவரும் செப்பனிட்டனர். ஒருவர் பள்ளி தொடங்கினால் மற்றவரும் தொடங்கினர். பல ஊர்களை அழித்த குலப்பகை சிக்கானில் பெரும்பாலும் கட்டுவதிலேயே செலவாயிற்று என்பது அந்நகரின் நற்பேறு.

இப்போட்டிக்கு மிக முன்னரே குவான் குலத்தார் எழுப்பிய கட்டடமொன்று சிக்கானை அடுத்த சான்மென்லி என்னும் சிற்றூரில் இன்றும் நிற்கிறது. யிங்லொங் கோபுரம் என்பது அதன் பெயர். மிங் மரபின் ஜியாஜிங் பேரரசர் காலத்தில் (1522–1566) கட்டப்பட்டது. காய்பிங் வட்டாரத்தில் எஞ்சியுள்ள காவற்கோபுரங்களுள் மிகப் பழையது அதுவே. தடித்த செங்கற் சுவர்களும் சிறிய சாளரங்களும் கொண்ட அக்கோபுரம் கொள்ளையரிடமிருந்து மட்டுமன்றி வெள்ளத்திலிருந்தும் ஊரைக் காத்தது. 1884, 1908 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளத்தில் ஊரார் அதன் மாடியில் ஏறி உயிர் பிழைத்தனர்.

பொன்மலை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி இந்நிலத்துக்குக் கொடுங்காலம். அபினிப் போரின் பின்விளைவுகள், விளைநிலத்தின் பற்றாக்குறை, 1854இல் குவாங்டொங்கில் மூண்ட செந்தலைப்பாகைக் கிளர்ச்சி, அதனைத் தொடர்ந்து பூர்வகுடியினருக்கும் ஹக்கா மக்களுக்கும் இடையே 1867வரை நீண்ட உள்நாட்டுச் சண்டை எனத் துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்தன. இந்தச் சூழலில்தான் 1848இல் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்ட செய்தி ஹாங்காங் வழியே வந்து சேர்ந்தது.

கலிபோர்னியாவைச் சீனர் ‘பொன்மலை’ என்றனர். 1851இல் ஆஸ்திரேலியாவிலும் பொன் கிடைத்தபின் மெல்பர்ன் ‘புதிய பொன்மலை’ ஆயிற்று. சான் பிரான்சிஸ்கோ ‘பழைய பொன்மலை’ ஆயிற்று. இன்றும் சீனமொழியில் சான் பிரான்சிஸ்கோவின் பெயர் அதுவே. காய்பிங், தாய்ஷான், என்பிங், சின்ஹுய் ஆகிய நான்கு மாவட்டங்களும் ‘நான்கூர்’ எனப் பொருள்படும் ஒரே பெயரால் வழங்கும். அமெரிக்கா சென்ற தொடக்ககாலச் சீனருள் பெரும்பாலோர் இந்நான்கு மாவட்டத்தவர். அவர்தம் வட்டார வழக்கே நெடுங்காலம் அமெரிக்கச் சீனத் தெருக்களின் பொதுமொழியாய் இருந்தது.

பொன் சில ஆண்டுகளில் தீர்ந்தது, உழைப்புத் தீரவில்லை. 1869இல் நிறைவுற்ற அமெரிக்கக் கண்டம் கடந்த இருப்புப்பாதையின் மேற்குப் பகுதியைப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர் அமைத்தனர். 1881 முதல் 1885 வரை கனடாவின் பாதையிலும் சீனர் மலையைப் பிளந்தனர். பாதை முடிந்தவுடன் நன்றியும் முடிந்தது. 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர் நுழைவதைச் சட்டத்தால் தடுத்தது. 1885இல் கனடா ஒவ்வொரு சீனருக்கும் 50 டாலர் தலைவரி விதித்தது. அது 1900இல் 100 டாலராகவும், 1903இல் 500 டாலராகவும் உயர்ந்தது. 1923இல் கனடாவும் வாயிலை அடைத்தது. அமெரிக்கத் தடை 1943இலும் கனடாத் தடை 1947இலுமே நீங்கின.

இவ்விடத்தில் ஒரு சொல்லின் பயணம் கருதத்தக்கது. 19ஆம் நூற்றாண்டில் ஆசியத் தொழிலாளரைக் குறிக்க ஆங்கிலம் வழங்கிய ‘கூலி’ என்னும் சொல், உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்ததென்பர் ஒரு சாரார். மேற்கிந்தியாவின் கோலி என்னும் இனப்பெயரிலிருந்து வந்ததென்பர் மற்றொரு சாரார். அச்சொல் சீனமொழியில் புகுந்தபோது அதன் ஒலியை எழுத இரண்டு எழுத்துகள் பயன்பட்டன. முதலெழுத்துக்குக் கசப்பு என்று பொருள். இரண்டாவதற்கு வலிமை என்று பொருள். ஊதியம் என்பது கசந்த வலிமையாயிற்று. நான்கூர் மக்களுள் பொன்மலைக்குச் சென்றோர் பெரும்பாலும் கப்பற் கட்டணத்தைக் கடனாகப் பெற்றுச் சென்றவர்கள். கியூபாவுக்கும் பெருவுக்கும் ஒப்பந்தத்தில் கட்டுண்டு சென்ற தொழிலாளரின் நிலையிலிருந்து அவர்தம் நிலை வேறானது. எனினும் வெளியுலகம் அனைவரையும் அந்த ஒரு சொல்லாலேயே அழைத்தது.

வெள்ளி மடல்

பொருள்வயிற் பிரிவு என்பது அகப்பொருளில் ஒரு துறை. அங்கே தலைவன் திரும்பி வருவான். கார்காலம் அவன் குறித்த பருவம். சிக்கானின் பெண்களுக்குக் கார்காலங்கள் பல கடந்தன. சட்டம் மனைவியரை உடனழைத்துச் செல்லவிடவில்லை. கணவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, சில திங்கள் தங்கி, மீண்டும் கப்பலேறினர். மணமகன் வர இயலாதபோது அவனுக்கு ஈடாகச் சேவலொன்றை நிறுத்தித் திருமணம் நடத்தும் வழக்கமும் அவ்வட்டாரத்தில் இருந்தது. அத்தகைய பெண்களைப் ‘பொன்மலை மனைவியர்’ என ஊர் அழைத்தது. பெயரில் பொன் இருந்தது. வாழ்வில் காத்திருத்தல் இருந்தது.

பிரிந்தவரை இணைத்தது ‘வெள்ளி மடல்’. வெள்ளிப் பணமும் மடலும் ஒரே உறையில் ஒன்றாய் வந்தமையால் அப்பெயர் பெற்றது. முதலில் ஊருக்கும் வெளிநாட்டுக்கும் போய்வந்த தூதுவர் அவற்றைச் சுமந்து வந்தனர். அவர்களுக்கு ‘நீர்வழி விருந்தினர்’ என்று பெயர். பின்னர் ஹாங்காங்கில் ‘பொன்மலை மனை’ எனப்பட்ட வணிக நிலையங்கள் அப்பணியை ஏற்றன. அங்கிருந்து சிக்கானின் கடைகளுக்குப் பணம் வந்து சேரும். கடைக்காரர் வீடு தேடிச் சென்று கொடுப்பர். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுதித் தருவோரும் இருந்தனர். இவ்வளவு நெல்லுக்கு, இவ்வளவு மகனின் பள்ளிக்கு, இவ்வளவு பாட்டனார் கல்லறைக்கு எனப் பங்கிட்டு எழுதப்பட்ட கணக்கே பெரும்பாலான மடல்களின் உள்ளடக்கம். அக்கணக்குக்கிடையே ஒரு வரியில் உடல்நலம் வினவப்பட்டிருக்கும். அந்த ஒரு வரிக்காகவே மடலைப் பெட்டியில் வைத்துக் காத்தவர் உண்டு. 2013இல் யுனெஸ்கோ இத்தகைய புலம்பெயர் சீனர் மடல்களை ‘உலக நினைவு’ப் பதிவேட்டில் சேர்த்தது.

கோபுரங்களும் கடைத்தெருவும்

வெள்ளி வந்த வழியே கொள்ளையரும் வந்தனர். பேரரசு வீழ்ந்த 1911–12க்குப் பின் மைய ஆட்சி தளர்ந்தது. படைத்தலைவர்களின் காலத்தில் ஊர்களுக்குக் காவலில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பியவரைக் கடத்திப் பணம் பறித்தனர். 1922 டிசம்பரில் கொள்ளையர் சிக்கானில் இருந்த காய்பிங் நடுநிலைப் பள்ளியைத் தாக்கித் தலைமையாசிரியரையும் மாணவரையும் பிடித்துச் சென்றனர். வழியில் ஒரு சிற்றூரின் கோபுரத்திலிருந்து ஒளிவிளக்கு அவர்கள்மேல் பாய்ந்தது. ஊர்க்காவலர் திரண்டு மறித்தனர். தலைமையாசிரியரும் மாணவர் பலரும் மீட்கப்பட்டனர்.

அச்செய்தி கடல்கடந்து பரவிற்று. கோபுரம் கட்டுவதற்குப் பணம் குவிந்தது. காய்பிங் முழுவதும் எழுந்த காவற்கோபுரங்களுள் 1,800க்கும் மேற்பட்டவை இன்றும் எஞ்சியுள்ளன. ஊரார் கூடிக் கட்டிய பொதுக்கோபுரம், ஒரு குடும்பத்துக்குரிய வாழ்மனைக் கோபுரம், ஊரெல்லையில் நின்ற காவற்கோபுரம் என அவை மூவகைப்படும். அவற்றுக்கு வேண்டிய சிமெண்டும் இரும்பும் வெளிநாட்டிலிருந்து வந்தன. சிமெண்டுக்குக் காண்டனீய வழக்கில் ‘செம்மயிரார் சேறு’ என்று பெயர். செம்மயிரார் என்றது மேலைநாட்டாரை. மேல்மாடியின் மூலைகளில் துப்பாக்கித் துளைகளோடு துருத்தி நிற்கும் சிற்றறையை ‘தகைவிலான் கூடு’ என்றனர். உச்சியில் உரோமானியத் தூண்களும் குவிமாடங்களும் அமைந்தன. பயணத்தில் கண்டதையும் அஞ்சலட்டைப் படத்தில் கண்டதையும் உள்ளூர்க் கொத்தர் தம் கைப்பழக்கத்தில் கட்டினர். நெல்வயலின் நடுவே ஐரோப்பியக் கோட்டைபோல் எழுந்து நிற்கும் அக்கோபுரங்கள் செல்வத்தின் அடையாளமாகத் தோன்றும். உண்மையில் அவை அச்சத்தின் அடையாளமும் ஆகும்.

1920களில் சிக்கானின் கடைத்தெருவும் உருமாறிற்று. ஆற்றங்கரையை ஒட்டித் தூண்கள்மேல் மாடி நிற்க, அதன்கீழ் மக்கள் மழையும் வெயிலும் படாது நடக்கத்தக்க தாழ்வாரக் கடைகள் வரிசையாய் எழுந்தன. ‘ஊரும் மாடம்’ என்று மொழிபெயர்க்கத்தக்க பெயர் சீனத்தில் அவற்றுக்கு உண்டு. நடைபாதைமேல் மாடம் குதிரையேறி அமர்ந்திருப்பதாகக் கற்பனை. முகப்புகளில் மேலைநாட்டுச் சுதைவேலை; உள்ளே மூதாதையர் பலிபீடம்.

இரண்டு நூலகங்கள்

கோபுரம் உயிரைக் காக்க. கடை வயிற்றைக் காக்க. எதைக் காக்க நூலகம் என்ற வினாவுக்குச் சேட்டோ குலத்தார் 1923இல் விடைகூறத் தொடங்கினர். வெளிநாடுகளில் வாழ்ந்த குலத்தவரிடம் திரட்டிய நன்கொடையால் கீழ்ப்புறச் சந்தையில் மூன்று மாடி நூலகம் எழுந்தது. 1925இல் கட்டடம் நிறைவுற்றது. அடுத்த ஆண்டு உச்சியில் மணிக்கூடு அமைந்தது. கடிகாரம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து வந்தது.

குவான் குலத்தார் வாளாவிருக்கவில்லை. 1929இல் மேற்புறச் சந்தையில் தம் நூலகத்தைத் தொடங்கினர், 1931இல் திறந்தனர். அதற்கும் மூன்று மாடி, அதற்கும் மணிக்கூடு. கடிகாரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதன்பின் சிக்கானில் இரண்டு கடிகாரங்கள் மணியடித்தன.

நன்கொடை அளித்தோர் யாவரென எண்ணிப் பார்த்தால் இக்கட்டடங்களின் பெருமை விளங்கும். அவர்களுள் பெருவணிகர் சிலர். சலவைக்கடையிலும் உணவகத்திலும் நாள்முழுதும் நின்று உழைத்தவர் பலர். தம் பெயரைத் தாமே எழுதக் கல்லாதவரும் அவர்களிடையே இருந்திருப்பர். தாம் வாழும் நாட்டில் குடியுரிமை பெற இயலாதவர்கள், தாம் அமர்ந்து படிக்கப் போவதில்லை என்றறிந்தே ஒரு படிப்பறைக்குக் கொடுத்தனர்.

நூலகங்களோடு இதழ்களும் இணைந்து இயங்கின. சேட்டோ மன்றத்தின் பெயரில் ‘ஜியாவ்லுன்’ இதழும், குவான் மன்றத்தின் பெயரில் ‘குவாங்யூ’ இதழும் வெளிவந்தன. எந்த ஊரில் பாலம் கட்டினர், எந்தப் பள்ளியில் எத்தனை மாணவர், யார் மணந்தார், யார் மறைந்தார், எவ்வாண்டு விளைச்சல் எப்படி என்பனவெல்லாம் அவற்றில் அச்சாகிக் கப்பலேறிச் சென்றன. வெளியுலக இலக்கிய வரலாற்றில் அவற்றுக்கு இடமில்லாதிருக்கலாம். ஆயினும் சான் பிரான்சிஸ்கோவின் ஒரு பின்னறையில், வேலை முடிந்த இரவில், அந்த இதழைக் கையிலெடுத்தவனுக்கு அது ஊரே ஆகும்.

அந்த மண் கலைஞரையும் அரசியலாரையும் தந்தது. சிறுவயதிலேயே அமெரிக்கா சென்று, சமையற்காரராக வாழ்வைத் தொடங்கி, அங்குள்ள சீனரை ஒருங்கிணைத்து, ஜப்பானிய எதிர்ப்புப் போருக்குப் பெருநிதி திரட்டிய சேட்டோ மெய்தாங் (1868–1955) இம்மண்ணினர். எழுத்தாளர் லூ சுன் 1936இல் மறைந்தபோது அவர்தம் இறுதித் தோற்றத்தை வரைந்த ஓவியர் சேட்டோ சியாவ் (1902–1958) பிறந்ததும் சிக்கானே.

சுவரில் எழுதியவர்கள்

சிக்கானின் புவியியல் நுணுக்கமாகப் பதிவான இடம் ஒன்று பசிபிக் கடலுக்கு அப்பால் உள்ளது. 1906இல் சான் பிரான்சிஸ்கோவை அழித்த நிலநடுக்கமும் தீயும் நகரின் பிறப்புப் பதிவுகளையும் எரித்தன. அதன்பின், தாம் அமெரிக்காவில் பிறந்தவர் எனப் பல சீனர் உரிமை கோரினர். அவர்தம் மக்களென்ற பெயரில் வேறு இளைஞரும் வந்தனர். தாளில் மட்டும் மகனாய் இருந்தமையால் இவர்களைத் ‘தாள் மகன்’ என்றனர். உண்மை மகனா, தாள் மகனா என்று கண்டறிய 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவில் அவர்களைத் தடுத்துவைத்து விசாரித்தனர்.

கேட்கப்பட்ட வினாக்கள் ஊரைப்பற்றியவை. உன் வீடு எத்தனையாவது வரிசையில் உள்ளது? வாயிலுக்கு எத்தனை படிகள்? கிணறு எத்திசையில்? அரிசிப் பானை எங்கே வைக்கப்பட்டிருந்தது? எதிர்வீட்டாருக்கு எத்தனை பிள்ளைகள்? தந்தையிடமும் மகனிடமும் தனித்தனியே கேட்டு விடைகளை ஒப்பிட்டனர். உண்மை மகனும் விடை பிறழ்ந்தால் திரும்ப அனுப்பப்படுவான். ஆகவே இளைஞர் கப்பலில் பயிற்சி ஏடுகளை மனப்பாடம் செய்தனர். கரை நெருங்கியதும் அவற்றைக் கடலில் எறிந்தனர். படிகளின் எண்ணிக்கையும் கிணற்றின் திசையும் ஒருவன் வாழ்வைத் தீர்மானித்தன.

விசாரணைக்கு நாள்கணக்கிலும் திங்கள்கணக்கிலும் காத்திருந்தோர் மரச்சுவர்களில் கவிதைகளை எழுதினர், செதுக்கினர். ஐஞ்சீரும் எழுசீரும் அமைந்த பழஞ்சீன யாப்பில் அமைந்தவை அவை. பெரும்பாலானவற்றில் பெயரில்லை. எழுதியோருள் பலர் முத்தாற்று வெளியின் ஊர்களிலிருந்து வந்த, சில ஆண்டுகளே பள்ளி சென்ற இளைஞர். அதிகாரிகள் செதுக்கல்களை மக்கு பூசி, வண்ணம் அடித்து மறைத்தனர். அப்பூச்சே பின்னாளில் மரத்தைக் காத்தது. 1970இல், இடிக்கப்படவிருந்த அக்கட்டடத்தில் பூங்காக் காவலர் ஒருவர் எழுத்துகளைக் கண்டார். புலம்பெயர்ந்தோர் வழித்தோன்றல்கள் திரண்டு கட்டடத்தைக் காத்தனர். 1980இல் கவிதைகள் மொழிபெயர்ப்புடன் நூலாயின. பெண்கள் தங்கியிருந்த கட்டடம் 1940இல் தீக்கிரையாயிற்று. அவர்கள் எழுதியிருப்பின் அவை அத்தீயோடு போயின.

ஆற்றங்கரையில் குலத்தார் கட்டிய நூலகமும், தீவின் சுவரில் இளைஞர் செதுக்கிய கவிதையும் ஒரே காலத்தவை. அங்கே புத்தகம் இருந்தது. படிக்க வேண்டிய இளைஞர் பலர் இல்லை. இங்கே இளைஞர் இருந்தனர், எழுதத் தாளில்லை.

போரும் பஞ்சமும்

1941 டிசம்பரில் ஹாங்காங் ஜப்பானியர் வசமாயிற்று. வெள்ளி மடல் வரும் வழி அடைபட்டது. மடலை நம்பி வாழ்ந்த நான்கூர் வட்டாரத்தை 1943இன் பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கியது. மாடிவீட்டில் இருந்தவரும் கதவையும் சாளரத்தையும் விற்று உண்டனர். வயலைக் காட்டிலும் வாயில் வழியே வரும் கடிதத்தை நம்பிய பொருளாதாரம் எத்துணை மெல்லிய நூலில் தொங்கியது என்பதை அவ்வாண்டு காட்டியது.

1945 ஜூலையில், போர் முடியும் தறுவாயில், சேட்டோ குலத்து இளைஞர் எழுவர் ஆற்றங்கரையிலிருந்த தென்கோபுரத்தில் நின்று ஜப்பானியப் படையின் நீர்வழியை மறித்தனர். 1912இல் கொள்ளையரை எதிர்க்கக் கட்டப்பட்ட ஏழு மாடிக் கோபுரம் அது. ஒரு வார காலம் எதிர்த்து நின்றனர். நச்சுப்புகை வீசப்பட்டபின் பிடிபட்டனர்; சிக்கானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு வதைக்கப்பட்டு மாண்டனர். ஒரு திங்களுக்குள் ஜப்பான் சரணடைந்தது. கோபுரத்தின் சுவரில் குண்டுத் துளைகள் இன்றும் உள்ளன.

1949க்குப் பின் எல்லைகள் இறுகின. வெளிநாட்டு உறவு ஐயத்துக்கிடமாயிற்று. கோபுரங்களின் உரிமையாளர் பலர் திரும்பவில்லை. 1978க்குப் பின் வாயில் மீண்டும் திறந்தது. முதியோர் பேரக்குழந்தைகளை அழைத்துவந்து வீட்டின் படிகளைக் காட்டினர். குல இதழ்கள் மீண்டும் வெளிவந்தன.

இன்றைய சிக்கான்

2007இல் காய்பிங் கோபுரங்களும் சிற்றூர்களும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. சான்மென்லியின் யிங்லொங் கோபுரமும் அவற்றுள் ஒன்று. பழைய தெருவைத் தேடிய திரைப்படக் குழுவினர் சிக்கானுக்கு வந்தனர்; பயணிகள் வந்தனர். பின்னர் முழு நகரையும் சுற்றுலாத் தலமாக்கும் திட்டம் எழுந்தது. 2017 முதல் பழைய தெருக்களில் வாழ்ந்த குடும்பங்கள் இழப்பீடு பெற்று வேறிடம் பெயர்ந்தன. தாழ்வாரக் கடைகள் செப்பனிடப்பட்டன. 2023இல் நகர் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. இரவில் விளக்கொளி ஆற்றில் வீழ்கிறது. முகப்புகள் முன்னிலும் பொலிவுற்றுள்ளன.

இதனை ஒருதலையாய்ப் பழிப்பது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. ஒழுகும் கூரையும் வெடித்த சுவருமாய்க் கிடந்த கட்டடங்களைத் தனிக்குடும்பங்களால் காக்க இயன்றிராது. உரிமையாளர் பலர் எந்நாட்டில் உள்ளனர் என்பதும் தெரியாத நிலை. சீரமைப்பு இல்லையேல் மழையே அவற்றை முடித்திருக்கும். எனினும் ஒரு மாற்றம் நேர்ந்துவிட்டது. நூறாண்டுக்கு முன் ஆடவர் ஊரைவிட்டுச் சென்றனர். ஊர் நின்று அவர்களுக்காகக் காத்திருந்தது. இப்போது கட்டடங்கள் நிற்கின்றன, காத்திருந்தவர்கள் சென்றுவிட்டனர். காலையில் வாயிற்படியில் அமர்ந்து கீரை ஆய்ந்த மூதாட்டியும், அவர் குரலுக்குப் பதில் கூறும் எதிர்வீட்டாரும் அங்கில்லை. எதிர்வீட்டாருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற வினாவுக்கு அத்தெருவில் நின்று விடைகூற இன்று ஆளில்லை.

விடை வேறிடத்தில் உள்ளது. மடலில் உள்ளது, குல இதழின் மங்கிய பக்கத்தில் உள்ளது, தடுப்பு முகாமின் விசாரணைக் குறிப்பேட்டில் உள்ளது, பெயரற்றவன் செதுக்கிய நான்கடிப் பாட்டில் உள்ளது. ஊரை விட்டவரும் ஊரிலிருந்தவரும் எழுதி வைத்தமையால்தான் சிக்கான் என்பது அழகிய முகப்புகளின் வரிசையாக மட்டும் எஞ்சாமல், மனிதர் வாழ்ந்த ஊராக எஞ்சுகிறது.

கூடிப் படிப்பதையும் கூடி எழுதுவதையும் பணியாகக் கொண்டோர் ஆண்டுகள் பத்து நிறைந்தபோது ஆற்றியது யாதெனத் தம்மைத் தாமே வினவிக்கொள்வது முறை. பெருங்காவியம் படைத்தோமா என்பது ஒன்றே அளவுகோலாக வேண்டுவதில்லை. இன்னின்ன ஊரில் இன்னின்னார் இருந்தனர், அவர்கள் வீட்டுக்கு இத்தனை படிகள், கிணறு இத்திசையில் என்று எழுதி வைத்தோமா என்பதும் ஓர் அளவுகோலே. தாம் ஒருநாளும் அமரப்போகாத படிப்பறைக்குத் தம் கூலியில் பங்கு அனுப்பிய சலவைத் தொழிலாளிக்கு இது தெரிந்திருந்தது.

சிக்கானின் நூலகங்கள் இரண்டும் ஆற்றங்கரையில் நிற்கின்றன. கீழே தாஞ்சியாங், யாமென் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.